மலையுச்சியில் கடல் மட்டம்

திருத்தணியில் கடல் இல்லை. இதை அரசாங்கம் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. ஆனாலும் 'தீவுப் பயண, ஆழ்கடல் மூழ்கல் ஆலோசனை மையம்' என்றொரு அலுவலகம் திறக்க ஊர் தேடியபோது, அதிகாரிகள் வரைபடத்தை விரித்துக் கடற்கரை ஊர்களை எல்லாம் முதலில் அடித்துவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கடலைப் பற்றித் தெரியும். தெரிந்தவர்களுக்கு எதற்கு ஆலோசனை? அப்படி அடித்துக்கொண்டே மேற்கே வந்ததில், கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஊர் என்ற தகுதியோடு திருத்தணி அகப்பட்டது.

கடல் சம்பந்தப்பட்ட அலுவலகம் எதுவும் சுனாமி எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும் என்று இன்னொரு விதி. எனவே மலைமேல், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு லாட்ஜின் மாடியைப் பிடித்தார்கள். வாசலில் பெரிய இரும்பு நங்கூரம் ஒன்றை நிறுத்தினார்கள். கிருத்திகைக்கு வந்த பக்தர்கள் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மையம் திறந்து ஒரு வருஷமாகியும் ஆலோசனை கேட்டு யாரும் வரவில்லை. முதலில் வந்தவர்கள் ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரன் முரளிதரனும் அவன் மனைவி யோகலட்சுமியும்.

விசைத்தறிக்காரர் சங்கத்தின் ஆண்டு விழாக் குலுக்கலில் அவர்கள் பெயர் விழுந்திருந்தது. பரிசு, அந்தமானுக்குப் போய் நான்கைந்து தீவு சுற்றிவிட்டு, ஒரு நாள் கடலுக்கு அடியிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவது. தை மாதக் கடைசியில் புறப்பாடு. ஒரே ஒரு நிபந்தனை. ஆலோசனை மையத்தின் சான்று இருந்தால்தான் விமான டிக்கெட்டைச் சங்கம் கையில் கொடுக்கும்.

யோகலட்சுமி அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. அவள் தறியில் ஓடுவது மீன் பார்டர் போட்ட சேலை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அதே பார்டர்.

"எல்லா மீனும் ஒரே பக்கம் பாத்துகினு போவுது பாவா. நெஜத்துல அப்படித்தான் போவுமா? ஒருவாட்டி பாத்துட்டா போதும் எனக்கு" என்றாள்.

முரளிதரனுக்கு அப்படி ஆசை எதுவும் இல்லை. அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிப்பதே சொம்பால்தான். ஒருமுறை ஷவர் வைத்த லாட்ஜில் தங்க நேர்ந்தபோது, தலைக்கு மேலிருந்து அது தானாக வந்ததைப் பார்த்துச் சோப்போடு வெளியே வந்தவன். மனைவியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த நிலைமையில், நடுவே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆபீஸ்ல கேக்கறத எல்லாம் குடுத்துருவோம்" என்றான் பெருந்தன்மையாக. "அதுக்கு மேல முருகன் விட்ட வழி."

மையத்தின் தலைமை ஆலோசகர் பரந்தாமன் ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்த வரவேற்புரையை அவர் நின்றபடியே ஆற்றினார். கேட்டவர்கள் இருவர்.

"தீவு என்றால் என்ன?" என்று முடிவில் கேட்டார்.

"நாலு பக்கமும் தண்ணி சார்" என்றாள் யோகலட்சுமி.

"ஐந்து. மேலேயிருந்தும் வரும். குடை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும்போது நடுவில் கடல் குறுக்கிடும். பயணிகளுக்கு இது பெரிய சிரமம். தவிர்க்க முடியுமா என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். பவளப்பாறையைத் தொடக் கூடாது. மீனைத் தொடக் கூடாது. மீன் வந்து உங்களைத் தொட்டால், தொட்டது மீன்தான் என்பதை உறுதி செய்துகொள்ளவேண்டும்."

"நீங்க எத்தினிவாட்டி சார் கடலுக்கு அடியில போயிருக்கீங்க?"

"நான் கடலையே பார்த்ததில்லை அம்மா." பரந்தாமன் குரலில் அடக்கமான பெருமை இருந்தது. "வேறு துறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். பார்த்தவனுக்குச் சொந்த அபிப்பிராயம் வந்துவிடும். சொந்த அபிப்பிராயம் உள்ளவன் பாரபட்சமில்லாமல் ஆலோசனை சொல்ல முடியாது."

முரளிதரனுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

"மூன்று விதிகளை மட்டும் மறக்கக் கூடாது" என்றார் பரந்தாமன். "மூழ்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. இணை இல்லாமல் தனியாக மூழ்கக் கூடாது. மூழ்கி எழுந்த பிறகு ஒரு முழு நாள் உயரமான இடத்துக்குப் போகக் கூடாது. உடம்புக்குள் காற்று குமிழி விட்டுவிடும். இவை உலகம் முழுக்க உள்ள விதிகள். நாங்கள் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். பயிற்சி முடிந்த அன்றே சான்று வாங்கிவிடவேண்டும். மறுநாள் ஆனால் பயிற்சி பழசாகிவிடும்."

பயிற்சிக்கூடம் மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் நெல் அவிக்கிற மில். நெல் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பயிற்சியாளர் தணிகைவேல் முன்பு டிரைவிங் ஸ்கூலில் இருந்தவர். கழுத்தில் விசில் தொங்கியது.

"எறங்குங்க" என்றார்.

இருவரும் கண்ணாடி மாட்டி, ரப்பர்க் குழாயை வாயில் கவ்விக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்கள். தொட்டி காலியாக இருந்தது. மூலையில் ஒரு பல்லி.

"தண்ணி எப்ப விடுவீங்க?" என்றாள் யோகலட்சுமி, குழாயை எடுத்துவிட்டு.

"தண்ணி வேற டிபார்ட்மெண்டும்மா. எங்களுது காத்து மட்டும்தான். இதுக்கு உலர் மூழ்கல்னு பேரு. ஆங், படுங்க. குப்புற. கைய காலை ஆட்டிக்கினே எட்டு போடுங்க."

"எட்டா?"

"எட்டு போடாம எப்படிம்மா லைசென்ஸ் தருவாங்க?"

முரளிதரன் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து எட்டு போட்டான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயமே இல்லை. கடல் இப்படித்தான் இருக்கும் என்றால் இத்தனை வருஷம் வீணாகப் பயந்திருக்கிறோமே என்று நினைத்தான். தணிகைவேல் விசில் ஊதி, "சார் பொறவியிலயே நீச்சல்காரர்" என்று பாராட்டினார். யோகலட்சுமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

சான்று வாங்க ஆட்டோ பிடித்து மலைக்குப் போனார்கள். பரந்தாமன் புன்னகையோடு பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"பயிற்சி எப்போது முடிந்தது?"

"இப்பதான் சார். நேரா வரோம்."

"மூழ்கிய கையோடு மலை ஏறி வந்தீர்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இருவரையும் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தார். உள்ளே ஏற்கெனவே காற்று அதிகமாக இருக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினார். குமிழி எதுவும் தென்படவில்லை என்று உறுதியானதும், ஆட்டோவில் ஏற்றி மெதுவாகக் கீழே இறக்கிவிடச் சொன்னார்.

"நாளைக்கு வரோம் சார்" என்றாள் யோகலட்சுமி படுத்தபடியே.

"நாளைக்கு வந்தால் பயிற்சி பழசு. திரும்ப மூழ்கிவிட்டு வரவேண்டும்."

"மூழ்கிட்டு வந்தா மேல வரக் கூடாதுன்றீங்களே."

"அதுதான் விதி."

"அப்ப நீங்க கீழ வந்து கையெழுத்து போட்டுடுங்க சார்."

பரந்தாமன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அலுவலகத்துக்கு வெளியே நான் போடும் கையெழுத்து என் சொந்தக் கையெழுத்து அம்மா. அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஏரியில்கூட இறங்க முடியாது."

அந்த வாரம் முழுக்க அவர்கள் டவுன் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்தார்கள், மூழ்கினார்கள், மலையைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். முரளிதரன் தொட்டியில் தேறிக்கொண்டே வந்தான். ஒரு கையால் எட்டு போட்டான். கண்ணை மூடிக்கொண்டு போட்டான். வீட்டுக்குப் போகிற வழியில், "கவர்மெண்டுன்னா அப்படித்தான் யோகா, நாம இன்னா பண்ண முடியும்" என்று வருத்தமான குரலில் சொன்னான். அந்தக் குரலைக் கொண்டுவர அவன் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

அடுத்த தெருவில் இருந்த அவன் அக்கா ஜெயம்மாள் தினமும் சாயங்காலம் வந்து விசாரித்தாள்.

"இன்னாடி யோகா, தொட்டியிலயே ரெண்டு தீவு பாத்துட்டியாமே. மூணாவது எப்ப?"

"ஏன்கா, நீயும் வரியா?"

"எனக்கு எதுக்குடி. எங்க வீட்டு அண்டாவே காலியாத்தான் கெடக்குது."

முதல் நாட்களில் யோகலட்சுமி பதில் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. காப்பி கேட்கலாம் என்று முரளிதரன் பின்பக்கம் போனான். யோகலட்சுமி தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தாள். திருப்பதிப் பக்கம் போன யாரிடமோ சொல்லி வாங்கிவைத்திருந்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். கண்ணாடியிலிருந்து நீர் ஒழுகியது. அவன் நிற்பதைப் பார்த்து வெட்கப்படக்கூட இல்லை.

"ஒன்னுமில்ல பாவா. டிரம்மோட அடிதான் தெரியுது" என்றாள்.

முரளிதரன் காப்பி கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

"சார், நான் இன்னிக்கு மூழ்கல. அதனால தைரியமா மேல வந்தேன்" என்று பரந்தாமனிடம் ஆரம்பித்தான். பிறகு முழுவதையும் கொட்டினான். தண்ணீருக்குப் பயந்தது, சான்று கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது, டிரம்முக்குள் முகம் விட்டிருந்தவளைப் பார்த்தது. "எனக்கு வோணாம் சார். அவளுக்கு வோணும். எதுனா வழி பண்ணுங்க."

பரந்தாமன் கல் நெஞ்சர் இல்லை. விதிகளுக்கு உட்பட்ட அளவில் அவர் கண்கலங்கினார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஆள் அனுப்பி இருவரையும் வரவழைத்து, எழுந்து நின்றார்.

"மூழ்கியவர்கள் உயரமான இடத்துக்குப் போகக் கூடாது. எதிலிருந்து உயரம்? கடல் மட்டத்திலிருந்து. கடல் மட்டம் என்பது என்ன? யாரோ ஓர் அதிகாரி எங்கேயோ உட்கார்ந்து போட்ட கோடு. அவருக்கு இருந்த அதிகாரம் எனக்கும் இருக்கிறது. அவர் துறைக்குக் கடல் ஒரு பகுதி வேலை. எனக்கு முழுநேர வேலை. ஆகவே இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை கடல் மட்டம் என்பது இனிமேல் இந்த அலுவலகத்தின் தரை." செருப்புக் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "உத்தரவு போட்டாயிற்று. இனி நீங்கள் அடிவாரத்தில் மூழ்கிவிட்டு இங்கே வந்தால், அது மலை ஏறுவது ஆகாது. மேற்பரப்புக்கு வருவது."

யோகலட்சுமிக்கு ஏதோ ஒன்று இடித்தது. இருந்தாலும் கும்பிட்டாள்.

இடித்தது என்னவென்று மறுநாளே தெரிந்தது. மலையுச்சி கடல் மட்டம் ஆனதால், திருத்தணி ஊர் மொத்தமும் கடலுக்கு அடியில் போய்விட்டது. ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, தாலுகா அலுவலகம், காய்கறி மார்க்கெட் எல்லாம். ஆழத்திலிருந்து மேலே வருகிறவர்கள் ஒரே மூச்சில் வரக் கூடாது, நடுநடுவே நின்று வரவேண்டும் என்பது மூழ்கல் விதி. தணிகைவேல் விசிலோடு மலைப்படிகளுக்கு மாற்றப்பட்டார். மண்டபத்துக்கு மண்டபம் கயிறு கட்டி, ஏறி வருகிற பக்தர்களை உட்காரவைத்தார்.

தைக் கிருத்திகை அன்று காவடிகளும் மொட்டைத் தலைகளும் படிநெடுக உட்கார்ந்திருந்தன. ஜெயம்மாளும் பால்குடத்தோடு வந்து மாட்டினாள்.

"ஒக்காரும்மா. மூணு நிமிஷம்."

"எதுக்குயா?"

"நீ ஆழத்துல இருந்து வர்றம்மா. ஒடம்புல இருக்கற காத்து அடங்கணும்."

"நான் பஸ்ல இருந்துதான்யா வரேன்" என்றாள் ஜெயம்மாள். ஆனால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முட்டி வலி குறைந்தது. இத்தனை வருஷமாகப் படியேறுகிறாள், உட்காரு என்று ஒருத்தன் சொன்னதில்லை. "எந்த கவர்மெண்டோ, நல்லா இருக்கணும்" என்று அடுத்த மண்டபத்திலும் தானாகவே உட்கார்ந்தாள். மோர் விற்கிறவர்களும் அலுவலகத்தை வாழ்த்தினார்கள். ஊரில் யாரும் உத்தரவை எதிர்க்கவில்லை. எதிர்க்க நேரமும் இல்லை, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கிருத்திகை கழிந்த மறுநாள் முரளிதரனும் யோகலட்சுமியும் முறைப்படி தொட்டியில் மூழ்கி, மண்டபம் மண்டபமாக நின்று, மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். புறப்பாட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

பரந்தாமன் பேனாவைத் திறந்தார். "வீடு எங்கே?"

"ஆர்.கே.பேட்டை சார்."

அவர் எழுந்து சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"புதிதாக மூழ்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு மீட்டர்தான் அனுமதி. புதிய கடல் மட்டத்தின்படி உங்கள் வீடு அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் அனுமதி இல்லாமல் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?"

"பொறந்ததுல இருந்து சார்" என்றான் முரளிதரன்.

"சமையலும் அங்கேதானா?"

"ஆங் சார்."

"தெரிந்தே செய்த மீறல். சான்று கொடுக்க வழியில்லை." உண்மையாகவே வருந்தினார். "தனிப்பட்ட முறையில் உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சட்டத்துக்கு அது தெரியாது."

யோகலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அவள் பேசாமல் எழுந்ததை முரளிதரனால் பார்க்க முடியவில்லை. ஏதாவது கேட்டு அவளை இன்னும் கொஞ்சம் நிறுத்திவைக்கவேண்டும் போலிருந்தது. அதனால்தான் கேட்டான். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

"சாரோட வீடு எங்க சார்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்."

"அதுவும் அடியிலதான சார்?"

பரந்தாமன் நிமிர்ந்தார்.

"வீட்ல அம்மா இருக்காங்களா?"

"மனைவி வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். நான் தனியாகத்தான்..." அவர் நிறுத்தினார்.

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. தினமும் சாயங்காலம் தனியாக ஆழத்துக்குப் போகிறார். இணை இல்லை. காலையில் ஜீப்பில் ஒரே மூச்சில் மேலே வருகிறார். எந்த மண்டபத்திலும் நின்றதில்லை. தான் போட்ட உத்தரவைத் தானே, தன் அதிகார எல்லைக்குள்ளேயே, நாள் தவறாமல் மீறியிருக்கிறார்.

வேறு யாராவது என்றால் சிரித்து மழுப்பியிருப்பார்கள். பரந்தாமன் நேர்மையானவர். உடனே தன்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தயாரித்தார். வலது கையால் கொடுத்து இடது கையால் பெற்றுக்கொண்டார். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று நிராகரித்தார். தகுந்த இணை கிடைக்கும்வரை தலைமை ஆலோசகர் மேற்பரப்பை விட்டு இறங்கக் கூடாது என்று தனக்குத் தடை விதித்தார்.

அன்றிலிருந்து அவர் மலையிலேயே தங்கிவிட்டார். அலுவலகப் பெஞ்சில் படுத்தார். கோயில் பிரசாதம் சாப்பிட்டார். தாடி வளர்ந்தது. வெள்ளைச் சட்டையும் தாடியுமாக நங்கூரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த சிலர், ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று காலில் விழுந்தார்கள். அவர் எல்லோருக்கும் மூச்சை அடக்காதே என்று அருள்வாக்குச் சொன்னார்.

யோகலட்சுமிக்கு மட்டும் மனசு விடவில்லை. புறப்பாட்டுக்கு முந்தின நாள், "கடைசியா ஒருவாட்டி கேட்டுப் பாத்துடலாம் பாவா" என்றாள். தொட்டியில் மூழ்கிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம் பரந்தாமன் கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். அந்தத் தூரத்திலும் அவர் மனைவி கௌரியம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வேலூர்ல இருந்து மூட்டை முடிச்சோட வந்து பூட்டின வாசல்ல நிக்கறேன். சாவிய எடுத்துக்கினு எறங்கி வரீங்களா, இல்ல நான் மேல வரட்டுமா?"

"கௌரி, இப்போது இறங்க முடியாத ஒரு நிர்வாகச் சூழ்நிலை..."

"அப்ப நான் வரேன்."

"வேண்டாம். ஆழம் அதிகம். நின்று நின்றுதான்..."

"நின்னு இன்னா, நிக்காம இன்னா. நான் வந்தா அந்த ஆபீஸே நிக்காது."

பேச்சு அறுந்தது. பரந்தாமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இணை வேண்டும். சான்று பெற்ற இணை. அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் சான்று கொடுத்ததில்லை. இது அவருடைய சாதனையாக மேலிடத்துக்குப் போன அறிக்கையிலேயே இருந்தது.

யோகலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "சார், உங்களுக்கு எறங்கறதுக்கு இணை வோணும். இணைக்கு சான்று வோணும். சான்று உங்க மேஜையிலதான சார் இருக்குது."

"நீங்கள் பல வருஷமாக அனுமதி இல்லாமல் அத்தனை ஆழத்தில்..."

"அத்தினி ஆழத்துல பொறந்து, வளந்து, தறி ஓட்டியிருக்கோம் சார். எங்கள மாதிரி பழக்கப்பட்டவங்க உங்களுக்கு எங்க கெடைப்பாங்க?"

பரந்தாமன் அவளை வியப்போடு பார்த்தார். மீறல் என்று எழுதிய இடத்தில் முன்அனுபவம் என்று எழுதலாம் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இரண்டு சான்றுகளில் கையெழுத்திட்டார். முத்திரை குத்தினார்.

"இது ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும். ஊர் திரும்பி வந்ததும் காலாவதி ஆகிவிடும்" என்று அந்த அவசரத்திலும் விதியைச் சொன்னார்.

மூவரும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். நடுவில் பரந்தாமன், இடப்பக்கம் முரளிதரன், வலப்பக்கம் யோகலட்சுமி. "மூச்சு விடுங்க சார்" என்று முரளிதரன் அவ்வப்போது நினைவூட்டினான். கீழே கௌரியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அதற்குமேல் அங்கே நடந்தது ஆலோசனை மையத்தின் எல்லைக்குள் வராது.

அந்தமானில் அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போக வந்த பெண்ணின் பெயர் பிரியங்கா. மெட்ராஸ்காரப் பெண். சளி இருக்கிறதா, காது வலிக்கிறதா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டாள். முரளிதரன் சான்றை எடுத்து நீட்டினான். அதில் குங்குமக் கறை பட்டிருந்தது.

"இது என்ன, அர்ச்சனைச் சீட்டா?" என்று மடித்து அவன் பையிலேயே வைத்துவிட்டாள்.

படகு நின்ற இடத்தில் கடல் பச்சையாக இருந்தது. அடி தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. முரளிதரன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணி இல்லாம இருந்தா நான் நல்லா பண்ணுவேம்மா" என்றான்.

"பயமா இருந்தா நீங்க படகுலயே இருங்கண்ணா. அக்காவை நான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன். நிறைய பேரு அப்படித்தான்."

யோகலட்சுமி அவனைப் பார்த்தாள். "இரு பாவா. பரவால்ல. நான் வந்து சொல்றேன்."

அவள் கண்ணாடியை மாட்டினாள். முரளிதரனுக்கு டிரம் நினைவுக்கு வந்தது. பரந்தாமன் சொன்ன அத்தனையிலும், தனியாக மூழ்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்கு இப்போது வெறும் விதியாகத் தோன்றவில்லை. முருகா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவனுக்கென்று வந்த இன்னொரு ஆள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார்.

முதலில் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் விரலை அழுத்தியதும் திறந்தான். எதிரே ஒரு சேலை அகலத்துக்கு மஞ்சள் மீன்கள். பழக்கதோஷத்தில் அவன் கை தானாகவே எட்டு போட்டது. மீன்கள் பொருட்படுத்தவில்லை.

மேலே வந்து படகில் ஏறியதும் யோகலட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். உதடு உப்பு பூத்திருந்தது.

"பாத்தியா? ஒரே பக்கமா போவுது?" என்றான்.

"போவுது பாவா. அத்தினியும் ஒரே பக்கம். திரும்பினா சேந்து திரும்புது." அவள் சிரித்தாள். "ஒன்னே ஒன்னு மட்டும் எதிர்ப்பக்கம் பாத்துகினு நிக்குது. போவவும் இல்ல, வரவும் இல்ல."

மூழ்கிய மறுநாள் முழுக்கக் கரையிலேயே இருந்துவிட்டு, அதற்கடுத்த நாள் விமானம் ஏறினார்கள். சென்னையில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துத் திருத்தணிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அன்று மலைக்குக் கூட்டம் அதிகம். அடிவாரத்துப் பக்கம் போகிற ஜனங்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் நகராமல் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டிபன் கேரியர்.

பரந்தாமன் அவர்களைக் கண்டதும் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"வந்துவிட்டீர்களா? வாருங்கள், மேலே போகலாம்."

"நீங்க மேல போவலியா சார்?" என்றான் முரளிதரன்.

"இணை இல்லாமல் எப்படிப் போவது? அன்றைக்கு உங்களோடு இறங்கியவன்தான். அலுவலகம் பூட்டியே கிடக்கிறது. மேலிடத்திலிருந்து யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்."

முரளிதரன் பையிலிருந்து சான்றை எடுத்தான். யோகலட்சுமி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அது ஊர் திரும்பினா காலாவதின்னீங்களே சார்" என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. "நாங்க ஊர் திரும்பிட்டோம்."

"புதுசு வாங்கிக்கொள்ளலாம் அம்மா. ஐந்து நிமிஷ வேலை. மேலே வந்தால் நான் உடனே கையெழுத்து..."

மேலே போகவே சான்றுள்ள இணை வேண்டும் என்பது பரந்தாமனுக்கு நினைவுக்கு வந்தது. மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு டிபன் கேரியரைப் பார்த்தார்.

ஆர்.கே.பேட்டை பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது. இருவரும் அவரைக் கும்பிட்டுவிட்டு ஓடிப் போய் ஏறினார்கள்.

அடுத்த வாரம் ஜெயம்மாள் வந்தபோது, தறியில் புது பார்டர் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். மீன்கள் எல்லாம் வரிசையாக ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது.

"இன்னாடி இது, டிசைன் அட்டைய தப்பா வெட்டிட்டானா? இது மட்டும் ஏன் இப்படி நிக்குது?"

"தப்பு இல்லக்கா" என்றாள் யோகலட்சுமி, தறியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது இணைக்குக் காத்துகினு நிக்குது."